உழுபடை, பொருபடை, பேனாக்கத்தி

புறநானூற்றின் 35-ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இரு சொற்களருகே நாம் சற்று நின்றுவிடுவது வழக்கம். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் தம் நிலத்தின் மீதிருந்த பழைய வரிக்கடனை நீக்கித் தருமாறு கேட்கச் சென்ற வெள்ளைக்குடி நாகனார், போரில் வெல்லும் படையைப் 'பொருபடை' என்றும், நிலத்தைக் கீறும் ஏரை 'உழுபடை' என்றும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். அரசனுடைய வெற்றி உழவனுடைய சாலில் விளைவது என்பது புலவர் வாதம். அந்த வாதத்தின் வலிமை பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கொல்லும் இரும்பும் உழும் இரும்பும் அவருக்குப் 'படை'தான். முன்னொட்டு மட்டுமே வேறு.

இது சங்ககாலத்தோடு முடிந்த வழக்கன்று. புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் ஆயுத பூசையன்று நம் வீடுகளில் சந்தனம் பூசப்பெறுபவை எவை? அரிவாள்மனை, தராசு, தறி, சுத்தியல், தையல் இயந்திரம், இப்போது கணிப்பொறியும்கூட. அவற்றில் ஒன்றையேனும் போர்க்களத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. 'ஆயுதம்' என்றால் கருவி. அவ்வளவே.

மொழி இவ்வாறு தாராளமாக இருந்துவிடலாம். சட்டத்தால் அப்படி இருக்க இயலாது. ஒருவன் சட்டைப்பையில் இருக்கும் இரும்புத் துண்டு கருவியா படைக்கலமா என்பதற்கு அது ஆம், இல்லை என்று விடை சொல்லியே ஆகவேண்டும். அந்த விடையைச் சொல்லும் அதிகாரம் எப்போது, எவரிடம், எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் காண முயல்கிறோம். பேனாக்கத்தியை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. படைக்கலச் சட்டம் பற்றிய பேச்செல்லாம் துப்பாக்கியைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் சட்டத்தின் உண்மையான சிக்கல் துப்பாக்கியில் இல்லை. துப்பாக்கியால் வெங்காயம் அரியமுடியாது. கத்தியால் அரியலாம், ஆளையும் குத்தலாம்.

பேனாக்கத்தி என்ற பெயரே ஒரு வரலாற்று எச்சம். வாத்தின் இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில் ஐரோப்பிய எழுத்தர்கள் மேசையில் வைத்திருந்த சிறு கத்தி அது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பர்மிங்காம் பட்டறைகள் எஃகு முள்ளை இலட்சக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் இறகுக்கு வேலை போயிற்று, கத்திக்கும் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம்மிடமும் இதற்கு இணையான ஒன்று இருந்தது என்பதை இலக்கிய வாசகர்கள் அறிவர். உ.வே.சாமிநாதையர் குறிப்பிடும் எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி ஒன்று. பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளத்தக்கது. அதே பிடியின் மறுபுறத்தில் ஓலை வாருவதற்கான சிறு கத்தியும் சேர்ந்திருப்பதுண்டு. ஆக, தமிழ்ப் புலவர் ஒருவர் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தது, இன்றைய சட்டமொழியில் சொன்னால், கூர்முனையும் வெட்டுவாயும் உடைய மடக்குக் கருவி. அதை வைத்திருந்ததற்காக எந்தப் புலவரையும் எவரும் வழிமறித்ததாகத் தெரியவில்லை!

*

தென்தமிழ்நாட்டில் மக்களின் கையிலிருந்த இரும்பின் மீது அரசின் கை விழுந்த நாளைத் துல்லியமாகவே குறிக்கலாம். 1801-ஆம் ஆண்டு டிசம்பர் 1. அன்று புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் (இராபர்ட் கிளைவின் மகன்) பாளையக்காரர்களுக்கும் சேர்வைக்காரர்களுக்கும் தென்சீமை மக்களுக்கும் ஓர் அறிக்கை விடுத்தார். அதற்கு முந்தைய சில மாதங்களை நினைவில் கொள்ளவேண்டும். மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறையாக வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை. களம் ஓய்ந்த சூட்டோடு இவ்வறிக்கை வருகிறது.

பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இவ்வறிக்கையைப் பற்றி விரிவாகவே காணலாம். ஆங்கில அரசு அனுமதிப்பவை நீங்கலாக, தாக்குதற்குரிய படைக்கலங்கள் அனைத்தின் பயன்பாட்டையும் அடக்கிவிடுவது என்ற முடிவை அது அறிவித்தது. பாளையங்களின் படைப்பணி ஒழிக்கப்பட்டது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், மீறினால் மரணம் என்றும் சொல்லப்பட்டது. துப்பாக்கியோடு ஈட்டியும் வேலும் இதில் அடங்கின என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. தீக்குச்சித் துப்பாக்கியை இழந்த பாளையக்காரனைவிட, வேற்கம்பை இழந்த ஊர்க்காவலனுக்கே இழப்பு மிகுதி. முன்னவனுக்கு அது அதிகாரத்தின் அடையாளம். பின்னவனுக்கு அதுவே பிழைப்பு. பாடிகாவல், திசைகாவல் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழிலின் கருவி ஒரே அறிக்கையில் குற்றத்தின் தடயமாக மாறியது.

இங்கே வளரியைப் பற்றிச் சொல்லாமல் நகர இயலவில்லை. கம்பெனிப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று எழுதுகிறார். நூறு கெஜத் தொலைவுக்குள் குறி தப்பாமல் வீசலாம் என்றும் வியக்கிறார். கற்றுத் தந்தவரைச் சில ஆண்டுகளில் காட்டில் துரத்திப் பிடிக்கும் படையிலேயே தாம் இருக்க நேர்ந்ததை அவர் மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களில் ஒரு மனிதனின் மன உறுத்தல் தெரிகிறது. வளரியும் வேட்டைக் கருவியே, முயலுக்கு வீசுவது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் தம் பெருந்தொகுதியை வெளியிடும்போது, தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்திற்குப் போய்விட்டன. புதுக்கோட்டை சமஸ்தானத்து ஆயுதக் கிடங்கில் இன்னும் இருப்பு இருந்தது. புதுக்கோட்டை கம்பெனியின் நட்பு நாடு என்பதை வாசகர்கள் மறக்கமாட்டார்கள்.

வட இந்தியாவில் இதற்கு இணையான நடவடிக்கைக்கு அரைநூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1857 கிளர்ச்சியின் நடுவே அவ்வாண்டின் 28-ஆம் சட்டம், பிறகு 1860-இன் 31-ஆம் சட்டம், இறுதியில் லிட்டன் பிரபு காலத்தில் 1878-இன் 11-ஆம் சட்டம். 'இந்தியப் படைக்கலச் சட்டம்' என்று நாடு முழுதும் பேசப்பட்டது இந்தக் கடைசிச் சட்டமே. அதன் விளக்கப் பிரிவில் துப்பாக்கியும் பீரங்கியும் மட்டுமல்ல, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு எல்லாம் 'ஆயுதம்'. உரிமம் இன்றி இவற்றைத் தரித்து நடமாடலாகாது. விதிகளின்படி ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. அந்த இனவேறுபாடு முதல் உலகப் போருக்குப் பின்னரே விதிகளிலிருந்து களையப்பட்டது.

அதே 1878 மார்ச்சில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் பிறந்தது. லிட்டனின் பெயரைக் கெடுத்தவை இவ்விரண்டும் என்று பள்ளிப் பாடநூல்கள் சேர்த்தே சொல்லும். ஆனால் இரண்டின் ஆயுள் ஒன்றன்று. பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் பிரபுவின் ஆட்சி நீக்கிவிட்டது. படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து 1962 வரை, ஏறக்குறைய 84 ஆண்டுகள், நின்றது. பேனாவைக் கண்டு அஞ்சிய அரசு சில ஆண்டுகளில் மனம் தேறிவிட்டது. கத்தியைக் கண்டு அஞ்சிய அரசு, ஆள்வோர் மாறிய பின்னும், அவசரப்பட்டுத் தேறவில்லை.

*

1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரசு மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று படைக்கலச் சட்டத்தைத் தளர்த்தக் கோரியது. இன்று நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். காங்கிரசு என்றால் அறப்போர் என்று பழகிய மனம் நம்முடையது. ஆனால் அன்றைய வழக்கறிஞர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் இது தன்மானப் பிரச்சினை. வெள்ளைக்கார எழுத்தன் ஒருவன் கேள்வியின்றி வைத்திருக்கும் பொருளை உள்ளூர்ப் பெருமகன் ஒருவன் ஆட்சியர் அலுவலகத்தில் மனுப்போட்டுப் பெறவேண்டும் என்பதே அவர்களை வருத்தியது. பன்றியும் புலியும் பயிரையும் ஆட்டையும் அழிக்க, கையைக் கட்டிக்கொண்டு நின்ற குடியானவனின் குறையும் அதனோடு சேர்ந்தது.

காந்தியடிகளே இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தவர் என்பது இன்னும் வியப்பு. 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள்சேர்க்க முனைந்தபோது அவர் வெளியிட்ட துண்டறிக்கையில், ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களுள் ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஆயுதமற்றவராக்கிய சட்டத்தையே மிகக் கரியதாக வரலாறு கருதும் என்னும் பொருள்பட எழுதினார். தம் சுயசரிதையிலும் அதை மறைக்காமல் எடுத்துரைக்கிறார். ஆயுதத்தைக் கையாள இயலாதவன் அதைத் துறந்தேன் என்று சொல்வதற்குப் பொருளில்லை என்பது அவர் நிலை. நம் கருத்தில், அகிம்சையைப் பற்றி அவர் எழுதியவற்றுள் மிகக் குறைவாக வாசிக்கப்படும் பகுதி இதுவே. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றதும் இதன் தொடர்ச்சிதான்.

சட்டம் எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழவில்லை. விலக்குகளின் கதை சட்டத்தின் கதையைவிடச் சுவையானது. குடகை எடுத்துக்கொள்வோம். 1834-இல் கம்பெனி ஆட்சிக்குள் வந்த அந்த மலைநாடு 1857-இல் அமைதியாக இருந்தது. நன்றிக்கடனாக, 1861-இல் ஆணையர் மார்க் கப்பன் குடகருக்கு ஆயுத ஒழிப்பிலிருந்து விலக்களித்தார். அந்த விலக்கு இன்றளவும் தொடர்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. குடகர்களின் உடையைப் படத்தில் கண்டவர்களுக்கு இடுப்புக்கச்சையின் முன்புறம் செருகிய பீச்சேகத்தி நினைவிருக்கும். முதுகுப்புறம் மாட்டிக்கொள்ளும் அகன்ற ஒடிகத்தி வேறு. செப்டம்பரில் வரும் கைல்போள்து என்னும் திருநாளில் நாற்றுநடவு முடிந்த கையோடு ஆயுதங்களை வழிபடுகிறார்கள். உழுபடையும் பொருபடையும் அங்கே இன்னும் ஒரே மனையில் அமர்ந்திருக்கின்றன. திருநெல்வேலிச் சீமைக்கும் குடகுக்கும் இடையே எத்தனை கல் தொலைவு இருந்துவிடப் போகிறது? ஒன்று எதிர்த்தது, மற்றது எதிர்க்கவில்லை. இரு நிலங்களின் இடுப்புகளிலும் இன்று தெரியும் வேறுபாடு அதுவே.

சீக்கியரின் கிர்பான் இன்னொரு வகை. அவர்கள் விலக்கை நன்றியாகப் பெறவில்லை, சமய உரிமையாகப் போராடிப் பெற்றனர். 1914-இல் பஞ்சாபிலும் 1917-இல் ஆங்கில இந்தியா முழுவதிலும் கிர்பானுக்கு விலக்குக் கிடைத்தது. கிடைத்த பின்னர்தான் உண்மையான சண்டை தொடங்கியது. எவ்வளவு நீளம் வரை அது கிர்பான்? எந்த அங்குலத்தில் அது வாளாகிறது? விலக்கு அதைச் சொல்லவில்லை. 1920-களின் தொடக்கத்தில் நீண்ட கிர்பான் தரித்தவர்களும் செய்தவர்களும் சிறை சென்றனர். விடுதலைக்குப் பிறகு அரசமைப்பின் 25-ஆம் உறுப்பு, கிர்பான் தரிப்பதும் எடுத்துச் செல்வதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று தனி விளக்கமே எழுதிவைத்தது. ஒரு கத்தியின் பெயரை அரசமைப்பிலேயே பொறித்துவைத்த நாடு நம்முடையது. அப்போதும் அங்குலக் கேள்வி தீரவில்லை. உள்நாட்டு விமானப் பயணத்துக்கு, அலகு 6 அங்குலமும் மொத்த நீளம் 9 அங்குலமும் மிகாதிருக்க வேண்டும் என்று 2022-இல் வந்த உத்தரவு வரையறுத்தது.

*

1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். கராச்சித் தீர்மானத்தைத்தான் அவர் நினைவூட்டினார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் சந்தைக்குச் சென்று தாக்குதற்கருவி எதையும் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிருவாகம் நடத்தும் என்பது அவர் கேள்வியின் சாரம். திருத்தம் தோற்றது. இன்றைய 19-ஆம் உறுப்பில் உள்ளது, அமைதியாகவும் 'ஆயுதமின்றியும்' கூடும் உரிமை. 1887-இல் சென்னையில் ஆயுதம் கேட்ட இயக்கம், ஆட்சிக்கு வந்ததும் ஆயுதமின்மையை உரிமையின் நிபந்தனையாக எழுதியது. இதை முரண் என்று எள்ளுவது எளிது. நாம் அவ்வாறு எள்ளமாட்டோம். பிரிவினைக் கொலைகள் நடந்து ஓராண்டே ஆகியிருந்த அவை அது. காந்தி சுடப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை.

பழைய சட்டத்தின் இடத்தில் 1959-இன் 54-ஆம் சட்டம் வந்தது. 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கும் வந்தது. கத்தியைப் பொறுத்தவரை இது 1878-இலிருந்து மிகவும் விலகி நிற்கிறது. சட்டம் என்றாலே அரசு இறுக்கிக்கொண்டே போகும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இங்கே தளர்த்தல் நிகழ்ந்திருக்கிறது.

முதலில், 'ஆயுதம்' என்பதன் பொருள் மாறியது. தாக்கவோ தற்காக்கவோ படைக்கலமாக வடிவமைக்கப்பட்டது அல்லது மாற்றியமைக்கப்பட்டது எதுவோ அதுவே ஆயுதம். வீட்டுப் பயனுக்கோ வேளாண் பயனுக்கோ மட்டும் என வடிவமைக்கப்பட்டவை ஆயுதம் ஆகா. தடியையும் ஊன்றுகோலையும் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்லிவிடுகிறது. பொம்மைகளுக்கும் விலக்கு. அடுத்து, துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் தேவை. ஆனால் துப்பாக்கியல்லாத ஆயுதங்களை வைத்திருக்க, நான்காம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு பகுதியைக் குறித்து, ஒரு வகை ஆயுதத்தைக் குறித்து அரசிதழில் அறிவித்தால் மட்டுமே அப்பகுதியில் உரிமம் தேவைப்படும். 1962-ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை இவ்வகையை அளந்து தந்தது. வாள், குத்துவாள், ஈட்டி, கோடரி ஆகியவற்றோடு கிர்பானும் குக்ரியும் உட்பட்ட கத்திகள். அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீண்டவை அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகன்றவை. அங்கும் வீடு, வயல், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை நீங்கலாகவே. 2016-இல் புதிய விதிகள் வந்தன. இந்த அணுகுமுறை மாறவில்லை.

ஆகவே சட்டைப்பையில் இருக்கும் மூன்றங்குலப் பேனாக்கத்தி, படைக்கலச் சட்டத்தின் பொது நோக்கில், ஆயுதமே ஆகாது. பழம் நறுக்கவும் பென்சில் சீவவும் வைத்திருப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. கடிதத்தில் இக்கேள்வியைக் கேட்ட இளம் நண்பருக்கு நம் விடை இதுவே. ஆனால் அந்த விடையோடு மூன்று 'ஆனால்'களையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருந்தது.

ஒன்று, இடம். விமான அறை, நீதிமன்றம், தேர்வுக்கூடம் போன்ற இடங்களுக்குத் தனி விதிகள் உண்டு. பதற்றக் காலங்களில் 144 தடையுத்தரவு என்று நாம் பழகிய ஆணை (2024 சூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவு) கம்பையும் கூடத் தடுக்கலாம். அடுத்தது, செயல். எந்தக் கத்தியாலும் ஒருவரைக் காயப்படுத்தினால், வடிவமைத்தவன் எண்ணம் எடுபடாது. குத்துவதற்கும் வெட்டுவதற்குமான எந்தக் கருவியும் தண்டனைச் சட்டத்தின் முன் கொடிய ஆயுதம்தான். படைக்கலச் சட்டம் கத்தியின் பிறப்பைப் பார்க்கிறது. தண்டனைச் சட்டம் அதன் நடத்தையைப் பார்க்கிறது. மூன்றாவது, அறிவிக்கை. இதற்குத் தில்லியே சான்று.

1980 அக்டோபரில் தில்லி நிருவாகம் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் உள்ள கத்திகளையும், பொத்தானை அழுத்தினால் விரியும் வில்கத்தி வகைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 7.62 செ.மீ. என்பது மூன்றங்குலம். தேசிய அட்டவணையின் ஒன்பது, தலைநகரில் மூன்றாகச் சுருங்கிவிட்டது. அதுமுதல் தில்லியின் கீழ்நீதிமன்றங்களில் 'பொத்தான் கத்தி' வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. இரவு ரோந்தில் பிடிபட்ட ஏழை இளைஞன், பையில் ஒரு கத்தி, அதைத் தாளில் வரைந்து அளவு குறித்த காவலர், சாட்சியாகச் சக காவலர். பெரும்பாலான கோப்புகளின் அமைப்பு இவ்வளவே. 2025-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்கு ஒன்றைத் தள்ளுபடி செய்தது. அறிவிக்கை பேசுவது தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல் பற்றி. குற்றப்பத்திரிகையில் அப்படி ஒரு குற்றச்சாட்டே இல்லையே என்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசகம் அங்கேயேதான் இருந்தது. இடையில் எத்தனை பேர் அதற்காகச் சிறையில் இருந்தார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஒரு வாக்கியத்தை எழுவாய் பயனிலையோடு முழுதாக வாசிப்பதன் அருமையை மொழியாசிரியர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது.

பொத்தான் கத்தி என்றதும் இந்திப் படங்களின் வில்லன்கள் 'டக்' என்று விரிக்கும் இராம்பூர்க் கத்தி நினைவுக்கு வராமல் போகாது. உத்தரப்பிரதேசத்து இராம்பூரில் நவாபுகள் காலத்திலிருந்து வந்த கைத்தொழில் அது. 1990-களில் நீண்ட அலகுள்ள கத்திகளைச் செய்வதற்கு அம்மாநிலம் தடை விதிக்க, கைவினைஞர்கள் பலர் வேறு தொழிலுக்குப் போயினர். 2023 மார்ச்சில் அதே ஊரின் சாலைச் சந்திப்பு ஒன்றில் ஏறத்தாழ 20 அடி உயரத்தில் ஒரு மாபெரும் மடக்குக்கத்தியை நிறுவி விழா எடுத்தார்கள். நாலரை அங்குலத்துக்கு மேல் கூடாது. இருபதடி என்றால் பெருமைக்குரியது!

*

நம் ஊருக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் அஞ்சப்படும் கருவி பேனாக்கத்தி அன்று, அரிவாள். 2019 சூலையில் சென்னையில் கல்லூரி மாணவர் சிலர் பட்டாக்கத்திகளுடன் பேருந்தில் வந்த சக மாணவர்களைத் தாக்கிய காட்சி தொலைக்காட்சியில் ஓடியபோது ஆசிரியர் அறையில் நாம் எவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினச் சிறுவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அவர்கள் கையிலும் அரிவாளே.

சட்டத்தின் பார்வையில் அரிவாள் வேளாண் கருவி. கதிரறுக்கும் கருக்கரிவாளும், பனையேறி இடுப்பில் செருகும் பாளையரிவாளும், விறகு பிளக்கும் வெட்டரிவாளும் ஐயத்துக்கு இடமின்றி விலக்குக்குள் வரும். வீச்சரிவாள்? அதன் நீண்ட கழுத்தும் வளைந்த மூக்கும் எந்தப் பயிருக்காக? திருப்பாச்சேத்திக் கொல்லரிடம் கேட்டால் முள்வேலி வெட்ட, கருவேலம் கழிக்க என்பார். அதுவும் உண்மையே. அங்கே பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அடிக்கும் பட்டறைகளில் இன்னொரு வகையும் உருவாகிறது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் செய்யச் சொல்லும், ஆள் உயரத்தையும் மிஞ்சிய அரிவாள்கள். அவை வீட்டுப் பயனுக்கும் அல்ல, வயலுக்கும் அல்ல, தாக்குதற்கும் அல்ல. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் தில்லியில் இருந்து எண்ணிய பட்டியலில் கருப்பசாமி இல்லை.

2021 செப்டம்பரில் தொடர் கொலைகளை அடுத்துத் தமிழகக் காவல்துறை மாநிலம் முழுதும் ஆயுத வேட்டை நடத்தியது. அதை ஒட்டிக் கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகளுக்கும் விற்கும் கடைகளுக்கும் அறிவுரைகள் போயின. வாங்குவோர் பெயர், முகவரி, தொலைபேசி எண் குறித்துக்கொள்ள வேண்டும். வேளாண்மைக்கும் வீட்டுப் பயனுக்கும் தவிர விற்கலாகாது. கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும். கொலை நிகழ்ந்த வீட்டிலிருந்து பார்த்தால் இதில் தவறென்ன என்றே எவருக்கும் தோன்றும், நமக்கும் தோன்றுகிறது. ஆனால் துருத்தி ஊதும் மனைவியும் சம்மட்டி அடிக்கும் கணவனுமாக ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணத்தக்க அரிவாள்களைச் செய்யும் குடும்பத்திற்குக் கேமராவின் விலை சிறு தொகையன்று. இணையத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் மடக்குக்கத்திகளின் கதையோ வேறு.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று இங்கே நிகழ்ந்திருக்கிறது. 1801-இல் எது ஆயுதம் என்று சொன்னவர் ஆளுநர். 1878-இல் சொன்னது சட்டத்தின் பட்டியல். 1962-இல் சொன்னது அங்குலக்கோல். 2021-இல், வருபவன் வேலி வெட்ட வாங்குகிறானா வேறெதற்கு வாங்குகிறானா என்று முகம் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு உலைக்களத்தில் நிற்கும் கொல்லரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவை, தன் அரசனின் வேல்கள் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்று பெருமிதத்தோடு சொன்ன காலத்தில் கொல்லன் அலகைச் செப்பனிட்டால் போதுமாயிருந்தது. இன்று அவர் ஒரு நோட்டுப்புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்கிறார். பெயர், ஊர், கைபேசி எண். கருப்பசாமிக்கு அரிவாள் கேட்டு வருபவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கள் முகவரியைத்தான் எழுதுகிறார்கள்.